அண்டாவில் எழுதிய நம்பர்

முதலில் எனக்கு வினை வைத்தவன் ஐகோர்ட்துரைதான். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காராதீர்கள் சார். அது அவன் குலசாமி பெயர். கோர்ட்டுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சுவரில் விளம்பரம் எழுதுகிற பெயிண்டர். கீழத்தெருவில் என் குடோனுக்கு நேர் எதிர் வீடு.

நீங்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு முந்நூறு பேருக்குச் சமைக்க அண்டா கேட்டு வந்தீர்கள். தருகிறேன். மூன்று இருக்கிறது. ஆனால் 'போர்டில் பெரிய அண்டா நாலு என்று போட்டிருக்கிறதே, நாலாவது எங்கே' என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் என்னைத் தொட்டுவிட்டீர்கள். நாலாவது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே உட்கார்ந்தே காட்ட முடியும். கடைசியில் காட்டுகிறேன். மழை விடாமல் நீங்கள் எப்படியும் போக முடியாது. அந்த நாற்காலியை இழுத்துப் போடுங்கள். அது இல்லை, அதற்குக் கால் ஆடும்.

ஐகோர்ட்துரை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் செல்போன் வாங்கின புதிதில் பாத்திரங்களில் பெயரும் நம்பரும் எழுத அவனைத்தான் கூப்பிட்டேன். வாடகைச் சாமான் என்றால் பெயர் எழுதாமல் வெளியே அனுப்பக் கூடாது சார். நாலு நாள் உட்கார்ந்து எல்லாவற்றிலும் எழுதினான். போய்ப் பார்க்கிறேன், 'நயினார் பாத்திரக் கடை' என்பது எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. நம்பர் மட்டும் சிவப்பு பெயிண்டில் முழ உயரம்.

"ஏம்வே, கடை என்னுதா, நம்பருதா?" என்று கேட்டேன்.

"பேரைப் பாத்து யாரு போன் பண்ண முடியும் அண்ணாச்சி? நம்பரைப் பாத்துத்தான் பண்ணுவாங்க" என்றான்.

அது முதல் வினை. அதைப் பொறுத்துக்கொண்டேன். நான் பொறுமைசாலி, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என் வீட்டுக்காரியைத் தவிர.

இரண்டாவது, அவன் மகள் முத்துச்செல்வி கல்யாணம். நாலு அண்டாவும் அவன் வீட்டுக்குப் போனது. திரும்பி வந்தபோது நாலாவதில் ஒரு நெளிவு. போன் நம்பரின் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. நான் சும்மா கேட்டேன். எதிரே கல்யாணப் பந்தலில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள், அதனால் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். அவன் என்ன சொல்ல வேண்டும்? 'தெரியாமல் பட்டுவிட்டது அண்ணாச்சி' என்று சொன்னால் முடிந்தது. நெளிவைத் தட்டி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவன் சம்பந்தி வீட்டார் முன்னால் நின்றுகொண்டு, "இது ஏற்கெனவே இருந்த நெளிவு" என்றான்.

ஏற்கெனவே இருந்த நெளிவு! என் கடையில்!

அன்றைக்குப் பேச்சை நிறுத்தினேன். பதினோரு வருஷம். எதிர் எதிரே வருவோம், நான் இந்தப் பக்கம் பார்ப்பேன், அவன் அந்தப் பக்கம் பார்ப்பான். அந்த நெளிவையும் நான் தட்டவில்லை. சாட்சி அல்லவா?

இப்போது வெள்ளத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், மார்கழி மாதம். நீங்கள் அப்போது இந்த ஊரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊற்றியது. மறுநாள் விடியும்போது ஆறு கீழத்தெருவுக்குள் வந்துவிட்டது. என் வீடும் கடையும் இந்த மேட்டில் இருக்கின்றன, எங்களுக்குச் செருப்பு நனையவில்லை. ஆனால் குடோன் கீழே. பெஞ்சு, அண்டா, ஜமுக்காளம் எல்லாம் கீழே. இங்கே கல்யாண வீட்டு ஜெனரேட்டர் ஒன்றும் இரண்டு கேன் டீசலும் மட்டும். ஊரில் கரண்ட் இல்லை, பாதிப் பேர் போன் செத்துவிட்டது. எங்கள் வீட்டுப் போன்கள் மட்டும் ஜெனரேட்டர் புண்ணியத்தில் உயிரோடு. டவரும் இதே மேட்டில்தான் இருக்கிறது.

காலை ஏழு மணிக்கு முதல் போன்.

"ஹலோ, ஹெல்ப்லைனா?"

"இல்லை, நயினார்."

"நயினார் சார், நாங்க பதினொரு பேர் இருக்கோம்."

"பதினொரு பேருக்கு அண்டா எதுக்கு? ரெண்டு குண்டான் போதும்" என்றேன்.

அந்த ஆள் அழுதுவிட்டார் சார். மொட்டைமாடியில் நிற்கிறார்களாம். கீழே கழுத்தளவு தண்ணீராம். நான் என்ன செய்ய? ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அடுத்தது. அடுத்தது. ஒன்பது போன். எல்லாரும் ஹெல்ப்லைன், ஹெல்ப்லைன். அப்போது என் வீட்டுக்காரி சண்முகவடிவு அடுப்படியிலிருந்து அவள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது படம் வருகிற போன்.

"இந்தாங்க, உங்க அண்டா ஊரு சுத்துது."

பார்த்தேன். கழுத்தளவு தண்ணீர். தண்ணீரில் என் நாலாவது அண்டா. அண்டாவுக்குள் சேலையில் சுற்றிய ஒரு கைக்குழந்தை. அண்டாவைத் தள்ளிக்கொண்டு போகிறவன் ஐகோர்ட்துரை. குடோன் பூட்டை உடைத்திருக்கிறான்! என் பெயர் எழுதியிருந்த இடத்தில் அவன் தோளை வைத்து மறைத்திருக்கிறான். நம்பர் மட்டும் முழ உயரத்துக்குச் சிவப்பாகத் தெரிகிறது. பக்கத்தில் நெளிவும் தெரிகிறது. படத்துக்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறான்: 'வெள்ளத்தில் சிக்கியவர்கள் அண்டாவில் உள்ள எண்ணை உடனே அழைக்கவும். அனைவருக்கும் பகிரவும்.'

அனைவருக்கும் பகிர்ந்துவிட்டார்கள்.

"போனை அணைச்சுப் போடுங்க" என்றாள் வடிவு.

அணைத்திருப்பேன். ஆனால் யோசித்தேன் சார். கீழே தண்ணீருக்குள் இருக்கிற அத்தனை பேரும் எனக்குப் போன் பண்ணுகிறார்கள். என் அண்டா தண்ணீருக்குள் இருக்கிறது. அதை யாராவது பார்த்திருப்பார்கள் இல்லையா? இதற்காகத்தான் போனை எடுத்தேன். மற்றபடி ஊருக்கு உழைக்கிற ஆள் நான் கிடையாது.

அடுத்த போனிலிருந்து முறையாகக் கேட்க ஆரம்பித்தேன்.

"உங்க பக்கம் ஒரு அண்டா வந்துச்சா?"

"வந்துச்சு சார், இப்பதான் ஒரு பெரியவரை வச்சுத் தள்ளிட்டுப் போனாங்க."

"தள்ளுனவனுக்குத் தண்ணி எதுவரை இருந்துச்சு?"

"நெஞ்சு வரைக்கும்."

"எந்தப் பக்கமா போனான்?"

"பள்ளிவாசல் சந்து."

"அங்க எவ்வளவு தண்ணி?"

"அங்க இடுப்புதான்."

இப்படியே விசாரித்து எழுதிவைத்தேன். இந்தாருங்கள், இதுதான் அந்த நோட்டு. பாத்திரம் போய் வருகிற நோட்டு. எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவதென்றால் கை வராது. அதனால் என் குறிகள்தான். வட்டம் என்றால் அண்டா, நீளக் கோடு பெஞ்சு, சின்னக் கட்டம் டம்ளர். இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது. வலது பக்கத்தில் குறி விழாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு கரண்டிக்காக மூன்று மைல் நடந்திருக்கிறேன்.

மொட்டைமாடியில் நிற்கிறவர்களையும் அதே மாதிரி போட்டேன். பெரியவர்களுக்குக் கோடு, பிள்ளைகளுக்குக் கட்டம். அந்தப் பதினொரு பேர் ஏழு பெஞ்சு, நாலு டம்ளர். அவர்களுக்கு நானே திரும்பக் கூப்பிட்டேன். பள்ளிவாசல் சந்தில் இடுப்பளவுதான், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வாருங்கள், மில் ரோட்டில் மட்டும் காலை வைக்காதீர்கள், இழுக்கிறது என்றேன். வந்துவிட்டார்கள். வலது பக்கம் பதினொரு குறி. எதற்குச் சொன்னேன் தெரியுமா? சந்து வழியாக வந்தால் போகிற போக்கில் என் அண்டாவைப் பார்த்துச் சொல்வார்களே என்றுதான்.

அன்று மத்தியானம் வரைக்கும் ஐகோர்ட்துரை என் அண்டாவில் பதினாறு பேரைக் கடத்தியிருக்கிறான். ஒருத்தரையாவது என்னிடம் கேட்டானா?

மூன்றாவதாக என்னைக் குறை சொல்ல வந்தவர் கட்டுப்பாட்டு அறை தமயந்தி மேடம். ஜில்லாத் தலைநகரில் அவசர உதவிக்கு என்று ஒரு அறை வைத்திருந்தார்கள். மேசை, பத்துப் போன், அதில் ஒரு போனுக்கு இந்த அம்மா. செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு நீங்க ஹெல்ப்லைன் நடத்துறீங்க? போலி நம்பர் பரப்பினா கேஸ் ஆகும், தெரியுமா?"

"நான் நடத்தல மேடம். அண்டா நடத்துது."

"என்ன?"

விவரத்தைச் சொன்னேன். ஐகோர்ட்துரை, பூட்டு, நெளிவு, எல்லாவற்றையும் சொன்னேன். நெளிவை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சரி ஐயா, இனிமே உங்களுக்கு வர்ற போனை எங்களுக்குச் சொல்லிடுங்க. நாங்க பாத்துக்கிறோம்."

சொன்னேன். ரைஸ் மில்லுக்கு வடக்கே, ஓட்டு வீடு, இரண்டு பெஞ்சு, ஒரு டம்ளர் என்றேன்.

"ஐயா, நான் ஆட்களைக் கேட்டேன்."

"ஆளுங்களைத்தாம்மா சொல்லுதேன்."

ஒரு மணி நேரம் கழித்து நான் கூப்பிட்டேன். "மேடம், அந்த ஓட்டு வீடு என்ன ஆச்சு?"

"தகவல் அனுப்பியாச்சு ஐயா."

"அனுப்பினது சரி. வந்துச்சா?"

"படகுக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. இனி அவங்க பொறுப்பு."

"நான் கூடத்தான் பாத்திரத்தை வண்டியில ஏத்தி அனுப்புதேன். வண்டிக்காரன் பொறுப்புன்னு விட்டா என் கடையில இன்னைக்கு ஒரு தட்டு இருக்குமா? அந்த மூணு பேரும் கரையேறினாங்களா, இல்லையா? எனக்கு வலது பக்கம் காலியா இருக்கு."

பின்னால் மற்ற போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. பிறகு, "விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். சொன்னார். கரையேறவில்லை. படகு வேறு ஓட்டு வீட்டுக்குப் போய்விட்டதாம். மறுபடி அனுப்பினார்கள். சாயங்காலம் வலது பக்கம் மூன்று குறி விழுந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மாவே மணிக்கு ஒரு தரம் கூப்பிட ஆரம்பித்தார். "ஐயா, உங்க நோட்டுல யார் யார் பாக்கி?" என்று கேட்பார். பாருங்கள், போலி நம்பர் என்று சொன்ன வாய். அதற்கு இன்றுவரை ஒரு வருத்தம் சொன்னதில்லை. அது கிடக்கட்டும்.

செவ்வாய் மத்தியானம் ஒரு போன் வந்தது. பாலத்துப் பக்கத்துக் காம்ப்ளெக்ஸ் மாடியில் இருக்கிறவர், பால் பவுடர் கேட்டார். எழுதிக்கொண்டு வழக்கம்போல அண்டாவைக் கேட்டேன்.

"பாத்தேன் சார். நேத்து சாயங்காலம் பாலத்துக்கு அடியில போச்சு. கவுந்து போச்சு."

"தள்ளிட்டு வந்த ஆளு?"

"ஆளு யாரும் இல்லையே சார்."

எனக்கு அண்டா போன கவலைதான் வந்தது. நோட்டில் வட்டத்தைத் தலைகீழாகப் போட்டேன். வட்டத்துக்கு ஏது தலைகீழ் என்பீர்கள். எனக்குத் தெரியும், நான் போட்டது தலைகீழ்தான்.

அதற்குப் பத்து நிமிஷம் கழித்துத் திருப்பூரிலிருந்து ஒரு பெண் குரல்.

"ஹெல்ப்லைன் சாரா? எங்க அப்பாவைக் காணும் சார். நேத்துக் காலையில இருந்து அண்டாவை வச்சு ஆளுங்களை ஏத்திட்டு இருந்தாங்களாம். நேத்துச் சாயங்காலத்துக்கு மேல யாரும் பாக்கல. அம்மாவை ஸ்கூல்ல வச்சிருக்காங்க. அவங்க அழுதுட்டே இருக்காங்க."

"அப்பா பேரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

"ஐகோர்ட்துரை."

குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன் சார். தொண்டையை இறுக்கி, ஆபீஸ்காரர்கள் மாதிரி. "எழுதிக்கிட்டேம்மா. தகவல் கிடைச்சதும் சொல்லப்படும்" என்றேன். பாலத்துக்கு அடியில் போனதைச் சொல்லவில்லை. கவிழ்ந்தது அண்டாதானே. அண்டாவைப் பற்றி அந்தப் பிள்ளை கேட்கவில்லையே.

வடிவு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? நம்ம அண்டா கவுந்துச்சு, அதுக்கு உங்கப்பன்தான் பொறுப்புன்னா?"

நோட்டை வாங்கிப் பார்த்தாள். இடது பக்கம் ஒரு கோடு போட்டிருந்தேன், ஐகோர்ட்துரைக்கு. பக்கத்தில் ஒரு வட்டம். வலது பக்கம் இரண்டும் காலி. அந்தப் பக்கத்தில் மற்றவற்றுக்குப் பெரும்பாலும் குறி விழுந்திருந்தது. நோட்டைத் திருப்பித் தந்துவிட்டுக் காப்பி போடப் போனாள். அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

அப்புறம் நான் எல்லாரிடமும் அண்டாவை இன்னும் விலாவாரியாக விசாரித்தேன். பாலத்துக்குக் கீழே எந்தெந்த ஊர், எந்தெந்தக் கரை, எங்கே ஒதுங்கும், எங்கே சுழிக்கும். தமயந்தி மேடத்திடம் சொல்லி அவருடைய பத்துப் போனிலும் கேட்கச் சொன்னேன். "அரசாங்க போன்ல அண்டாவை எப்படி ஐயா விசாரிக்கிறது?" என்றார். "நம்பரோட சொல்லுங்க, நெளிவு ஒண்ணு இருக்கும்னு சொல்லுங்க" என்றேன். விசாரித்தார்கள் சார், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜில்லா முழுக்க என் அண்டாவைத் தேடினார்கள். நல்ல அலுமினியம், இப்போது அந்தக் கனத்துக்குக் கிடைக்காது. அதனால்தான் நானும் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

முத்துச்செல்வி அன்றைக்கு ஏழு தரம் கூப்பிட்டாள். ஏழு தரமும் தொண்டையை இறுக்கிக்கொண்டு பேசினேன். ஏழாவது தரம் இருமல் வந்துவிட்டது.

புதன்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு இருக்கும். ஒரு புது நம்பர். வயதான அம்மா.

"ஐயா, பாலத்துக்குக் கீழ இருக்க மில்லு காவக்காரன் வீட்டுக்காரி பேசுதேன். டிராக்டர் பேட்டரில இப்பதான் போனுக்கு சார்ஜ் ஏத்தினோம். இங்க மில்லு மச்சுல நாப்பது பேரு இருக்கோம். காலு ஒடிஞ்ச ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி போகணும், ஒரு படகு வேணும்."

எழுதிக்கொண்டேன். "அம்மா, இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"இதுலதான்யா போட்டிருக்கு. அண்டாவில."

"எந்த அண்டா?"

"இந்தா, கஞ்சி வேகுதே, இந்த அண்டா. அந்தக் காலு ஒடிஞ்ச மனுசன் பாலம் தாண்டினப்புறம் இதைப் புடிச்சிக்கிட்டுத்தான் ஒதுங்கினாரு. நாங்க கயிறு போட்டு ரெண்டையும் இழுத்தோம். இதுல கஞ்சி வைக்கலாம்னு அடுப்புல ஏத்தினா, அந்த மனுசன் படுத்த இடத்துல இருந்தே எங்களை ஏசுதாரு."

"என்னன்னு ஏசுதாரு?"

"'செங்கல்லு மேல நேரா வைக்காதிய, அடி நெளிஞ்சிரும். இது வாடகைச் சாமான். இதுக்குச் சொந்தக்காரன் ஒரு சள்ளை புடிச்ச மனுசன், ஒரு நெளிவுக்குப் பதினோரு வருசம் பேசமாட்டான்'ங்காரு."

சார், என்னைச் சள்ளை பிடித்தவன் என்று வேறு யார் சொன்னாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியிருப்பேன். அந்த அம்மாவிடம், "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டேன். சொன்னார். மூன்றாவது தரமும் கேட்டேன். லைன் சரியாகக் கேட்கிறதா என்று உறுதி பண்ணிக்கொள்ள வேண்டும் இல்லையா?

பிறகு அந்த அம்மா ஒன்று சொன்னார் பாருங்கள். "இந்த நம்பருக்குப் போடாதிய, அந்த ஆளு எடுக்கமாட்டான்னு சொன்னாருய்யா. நான்தான் போட்டுப் பாப்போமேன்னு போட்டேன்."

எடுக்கமாட்டேனாம்! மூன்று நாளாக எச்சில் விழுங்க நேரமில்லாமல் ஒவ்வொரு போனையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊரே சாட்சி. இது அவன் எனக்குச் செய்தவற்றில் எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்களா? நான் எண்ணியிருக்கிறேன்.

"போனை அவன்கிட்டக் கொடுங்க" என்றேன்.

கொடுத்தார்கள்.

"யாரு?" என்றான்.

"ஹெல்ப்லைன்."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசின முதல் பேச்சு என்ன தெரியுமா?

"நெளிவு நான் போட்டதில்ல."

"காலு எப்படி இருக்கு?"

"ஒடிஞ்சிருக்கு."

"அது ஏற்கெனவே இருந்த ஒடிவா?"

அவன் சிரித்தான் என்று அந்த அம்மா பிறகு சொன்னார். எனக்குக் கேட்டது இருமல் மாதிரிதான். நான் போனை வைத்துவிட்டுத் தமயந்தி மேடத்தைக் கூப்பிட்டேன். "மேடம், பாலத்துக்குக் கீழ மில்லு மச்சு, நாப்பது பேரு, அதுல ஒருத்தனுக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. அவனை முதல்ல ஏத்தச் சொல்லுங்க. போனதைச் சொல்லாதிய, வந்ததைச் சொல்லுங்க" என்றேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டார். "வந்தாச்சு ஐயா. ஆஸ்பத்திரியில படுக்க வச்சாச்சு. வலது பக்கம் போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டேன்.

முத்துச்செல்விக்குச் சொன்னேன். தொண்டையை இறுக்கி, "தங்கள் தந்தையார் நலமாக உள்ளார்" என்று. அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் அழுதது. பிறகு, "ரொம்ப நன்றி நயினார் மாமா" என்றது.

"எப்படிட்டி தெரியும்?"

"முதல் ஹலோவிலேயே தெரியும் மாமா. என் கல்யாணத்துல நீங்க போட்ட சத்தத்தை இன்னும் எங்க வீட்டு வீடியோவில கேக்கலாம்."

"தெரிஞ்சுமா எங்கிட்டக் கேட்ட?"

"நீங்க ஒரு கரண்டியையே விடமாட்டீங்க. எங்க அப்பாவையா விட்டுருவீங்க?"

நல்ல பிள்ளை. அப்பன் புத்தி வரவில்லை. "அந்த நெளிவைப் பத்தி அப்பாகிட்ட நான் பேசுதேன் மாமா" என்றாள். மூன்று வருஷம் ஆகிறது. பேசிக்கொண்டே இருக்கிறாள் போல.

வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து ஸ்கூலில் விழா வைத்தார்கள். ஐகோர்ட்துரைக்கு மேடையில் சால்வை. கட்டுக்கட்டின காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்த நாற்காலியும் என் கடை நாற்காலி. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மைக்கைக் கொடுத்ததும், "அண்டா நயினார் அண்ணாச்சியோடது" என்று ஆரம்பித்தான். நான் எழுந்து நின்றேன், அடுத்து நெளிவைச் சொல்லுவான் என்று. "எல்லாருக்கும் நன்றி" என்று முடித்துவிட்டான். எழுந்து நின்றவன் என்ன செய்வது? எல்லாரும் எனக்கும் கை தட்டினார்கள். கைதட்டு கேட்டேனா நான்?

தமயந்தி மேடம் வந்திருந்தார். கட்டுப்பாட்டு அறையில் என் நோட்டு மாதிரியே 'போனது, வந்தது' என்று இரண்டு பக்கமாக எழுத ஆரம்பித்துவிட்டோம் என்றார். என் நம்பரை உள்ளூர்த் தகவலுக்கு என்று அவர்கள் பட்டியலில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வைத்துக்கொண்டார்.

இப்போது அண்டாவுக்கு வருகிறேன். இந்தப் பக்கம் வாருங்கள், ஷட்டருக்கு வெளியே தலையை நீட்டுங்கள், நனையாது. அதோ, கீழத்தெருவில் பச்சைச் சுவர் வீடு, மொட்டைமாடி. தெரிகிறதா? சிவப்பு நம்பர். இங்கிருந்தே படிக்கலாம். அதுதான் நாலாவது.

மில்லிலிருந்து அதை நேராகத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறான், "அண்ணாச்சி வந்து எடுத்துக்கிடட்டும்" என்று. எப்படி இருக்கிறது பாருங்கள்! என் குடோன் பூட்டை உடைத்து எடுத்தவன் அவன். நோட்டில் ஒரு கீறல்கூடப் போடாமல் எடுத்தவன் அவன். அவன்தான் தலையில் வைத்துக் கொண்டுவந்து இந்தப் படியில் இறக்கி, "நெளிவு நான் போட்டது அண்ணாச்சி" என்று சொல்ல வேண்டும். நான் போய் எடுத்தால் நெளிவு ஏற்கெனவே இருந்தது என்று ஆகிவிடாதா?

அதோடு விட்டானா? ஒவ்வொரு ஐப்பசி மாதமும், மழைக்கு முன்னால், மாடியில் ஏறி அந்த நம்பருக்குப் புது பெயிண்ட் அடிக்கிறான். அவன் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து ஏழு வருஷம். என் அண்டாவுக்கு வருஷாவருஷம். யாரைக் கேட்டு அடிக்கிறான்? பெயரை இப்போதாவது பெரிதாகப் போட்டானா என்று ஆள் விட்டுப் பார்த்தேன். எறும்புதான்.

ஆள் அனுப்பி எடுத்துவிட வேண்டியதுதானே என்று உங்கள் முகம் கேட்கிறது. வடிவும் கேட்கிறாள். அனுப்பலாம். ஆனால் மழைக்காலத்தில் எப்படி அனுப்புவது? அங்கே மாடியில் இருந்தால்தான் கீழத்தெருக்காரர்களுக்குக் கைக்கு எட்டும். பங்குனியில் அனுப்பலாம் என்றால் அப்போது கல்யாணக் காலம், எனக்கு ஆள் கிடையாது. இப்படியே போகிறது.

நெளிவைத் தட்டி எடுத்துவிட்டான் என்று மட்டும் கேள்விப்பட்டால் சும்மா விடமாட்டேன். இருக்கிறது. போன மாதம்கூட வடிவு பார்த்துவிட்டு வந்தாள். அதைச் சுற்றித்தான் பெயிண்ட் அடித்திருக்கிறானாம்.

இருங்கள், போன் அடிக்கிறது.

ஹலோ... ஆமா, அந்த நம்பர்தான். எங்கேயிருந்து பேசுதிய?... தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?... முழங்காலா? சரி, பயப்படாதிய, பொருளை எல்லாம் மேல ஏத்துங்க, கரண்டை அணைச்சிருங்க. எத்தனை பேரு?... பிள்ளைக எத்தனை?... எழுதிக்கிட்டேன். பக்கத்துத் தெருவில என்ன நிலவரம்னு கேட்டுட்டுப் பத்து நிமிசத்தில நானே கூப்பிடுதேன். கூப்பிடாம விடமாட்டேன்.

ஏளா வடிவு, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கான்னு பாரு!

சார், நீங்கள் இன்றைக்கு ஆற்றுப் பக்கம் போகாதீர்கள், மேட்டு வழியாகச் சுற்றிப் போங்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்கள், உங்களுக்கும் இடது பக்கம் ஒரு கோடு போட்டுவிட்டேன். உங்கள் முந்நூறு பேருக்கு மூன்று அண்டா போதும். இதோ பாருங்கள், அந்தப் பழைய பக்கம். அத்தனைக்கும் வலது பக்கம் குறி விழுந்துவிட்டது. ஐகோர்ட்துரையின் கோட்டுக்குக்கூட விழுந்துவிட்டது. இந்த வட்டம் ஒன்றுதான் காலி. அதற்கு அவன்தான் வர வேண்டும்.